கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் குர்துபாவின் காழி

கொழும்பிலிருந்து கண்டிக்கும் அக்குறணைக்கும் போய்வரும் வழி, நேரம், செலவு எல்லாம் இந்தக் கட்டுரையில் இருக்கின்றன. அதற்காக மட்டும் படிக்கிறவர்கள் தாராளமாகப் படிக்கலாம். ஆனால் நான் இதைக் கோபத்தில்தான் எழுதுகிறேன். ஊர் திரும்பிப் பத்து நாளாகிறது, வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

1933 ஜூலை மாதம். கொழும்பு மருதானையில் பிள்ளைகளுக்கு அரபும் தமிழும் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிற எனக்கு, மடுல்கெல்லையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அந்தோனி, அங்கே தேயிலைத் தோட்டமொன்றில் கிளாக்கர். பாதிரியாராவதற்கு மூன்று வருடம் படித்து, நடுவில் விட்டுவிட்டு வந்தவர். கண்டியில் ஒரு மண்டபத்தில் மாதம் ஒருமுறை பேசுகிற வெள்ளைக்காரத் துரை ஒருவர், போன கூட்டத்தில் ‘ஐரோப்பா எப்படிச் சிந்திக்கக் கற்றது’ என்று பேசினாராம். அரபிகள் வெறும் தபால்காரர்கள், கிரேக்கர் எழுதிய கடிதத்தை உறையைக்கூடப் பிரிக்காமல் ஐரோப்பாவில் கொண்டுவந்து கொடுத்தார்கள், அவ்வளவுதான் என்றாராம். மண்டபம் சிரித்ததாம்.

அந்தோனிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, “பிரித்துப் படித்துப் பதிலும் எழுதியவர்கள் அவர்கள். அப்படி ஒரு பதில், கையெழுத்துப் பிரதியாக, இதே கண்டிப் பக்கத்தில் இருக்கிறது. என் சிநேகிதர் பார்த்திருக்கிறார்” என்று சொல்லிவிட்டார். துரை, அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், மேடையில் கால்மணி நேரம் தருகிறேன் என்றாராம். அந்தச் சிநேகிதர் நான்தான். அடுத்த கூட்டம் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு.

பிரதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்று வருடத்துக்கு முன் அக்குறணையில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, மிளகு வியாபாரி காசிம் நானா வீட்டு அலுமாரியில் அதைப் பார்த்தேன். அவருடைய வாப்பா ஹஜ்ஜுக்குப் போனபோது மக்காவில் வாங்கிவந்தது. எழுநூறு வருடங்களுக்கு முன் ஸ்பெயினில், குர்துபா நகரத்தில் காழியாக, அதாவது நீதிபதியாக, இருந்த ஒரு ஞானி எழுதியது. கிரேக்கத் தத்துவம் படிக்கிறவர்களைக் கண்டித்து இன்னொரு பெரியவர் எழுதியதை வாக்கியம் வாக்கியமாக எடுத்துவைத்துப் பதில் சொல்லுகிற நூல். பஞ்சில் தீ பட்டால் எரிகிறதே, எரித்தது தீயா இல்லையா என்று ஒரு பெரிய சண்டை அதில் வரும். தீதான், காரணத்தை மறுத்தால் அறிவையே மறுத்ததாகும் என்பது காழியின் கட்சி. அரைமணி நேரம் புரட்டினேன். பிறகு பஸ் வந்தது, போய்விட்டேன்.

இந்தக் காழி சாமானியர் அல்ல. கிரேக்கப் பெரும் ஞானி ஒருவரின் நூல்களுக்கு அவர் எழுதிய உரைகளை லத்தீனில் பெயர்த்து வைத்துக்கொண்டுதான் பாரிஸ் பண்டிதர்கள் பாடம் நடத்தினார்கள். பெயர் சொல்லாமல் ‘உரையாசிரியர்’ என்றாலே அங்கே அவர்தான். உரை இல்லாமல் பழைய நூல் ஒன்றைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு, உரையாசிரியர் யார் என்று நான் சொல்லவேண்டியதில்லை. அவரைப் போய்த் தபால்காரர் என்றால் கோபம் வராதா?

சனிக்கிழமை காலை ஏழேகாலுக்குக் கோட்டை ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். எழுபத்தைந்து மைல், மூன்றாம் வகுப்பு ஒன்றரை ரூபாய். ரம்புக்கனையில் பின்னால் இன்னொரு எஞ்சின் மாட்டுவார்கள், பன்னிரண்டு நிமிடம் நிற்கும், அதற்குள் தேநீர் குடித்துவிடலாம். கடுகண்ணாவை ஏற்றத்தில் எல்லோரும் பள்ளத்தாக்கைப் பார்க்க ஜன்னல் பக்கம் சாய்ந்தார்கள். நான் மேடையில் சொல்லப்போவதை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண்டியில் இறங்கும்போது பதினொன்று இருபது.

அக்குறணை பஸ் சந்தைக்குப் பக்கத்தில் நின்றது. ஏழு மைல், இருபது சதம். பன்னிரண்டு மணிக்கு எடுப்பதாகச் சொன்ன சாரதி, பன்னிரண்டே முக்காலுக்கும் கதவில் சாய்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

“எப்ப ஐயா எடுப்பீங்க?”

“நிரம்பினா எடுப்பேன் மாத்தயா.”

“பன்னிரண்டுன்னு சொன்னீங்களே!”

“பன்னிரண்டுக்கு நிரம்பியிருந்தா பன்னிரண்டுக்கே எடுத்திருப்பேன்.”

அக்குறணை போகிறவர்கள் பஸ்காரர் சொல்லும் நேரத்தோடு ஒரு மணியைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

காசிம் நானா கடைக்கு வெளியே வந்து கட்டிப்பிடித்தார். “மாஸ்டர்! வாங்கோ வாங்கோ, கதிரையில இரிங்க. கண்டு எவ்வளவு காலம்!” தேத்தண்ணி வந்தது, வட்டிலாப்பம் வந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே, அந்தக் கிதாபை ஒரு நாளைக்குத் தரமுடியுமா என்று கேட்டேன்.

“அந்தக் கிதாபா? அது கண்ணியமா போயிட்டு மாஸ்டர்.”

“போயிட்டா? எங்க போயிட்டு?”

“மகாவலிக்கு. போன நோம்புக்கு முந்தி அலுமாரியில கறையான் ஏறிட்டு. ஓரமெல்லாம் அரிச்சுப் போட்டுது. அரபெழுத்தைக் குப்பையில போடேலுமா? வெள்ளைத் துணியில சுத்தி, அத்தர் பூசி, கல்லுக் கட்டி, கட்டுகஸ்தோட்டையில ஓடம் பிடிச்சு நடு ஆத்துல விட்டோம். எங்கட ஓடையில விடல்ல, அதுல தண்ணி காணாது.” கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவர் முகத்தில் ஒரு பெருமை இருந்தது.

பழுதான குர்ஆன் பிரதியை மண்ணில் புதைப்பதும் ஓடும் தண்ணீரில் விடுவதும் எங்கள் வழக்கம். நல்ல வழக்கந்தான். அதற்காக இதையுமா? நான் கத்தினேன். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஓரந்தானே அரிச்சுது? நடுவில எழுத்து இருந்துச்சா இல்லையா? யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“பள்ளிவாசல் லெப்பைக்கிட்டக் காட்டினேன். ஓதுற கிதாபு போல இல்ல, ஆனா அரபெழுத்துத்தானே எண்டார்.”

“ஆனா அரபெழுத்துத்தானே! நல்லா இருக்கு நானா, ரொம்ப நல்லா இருக்கு!”

நான் எழுந்து படியிறங்கும்போது காசிம் நானா மெதுவாக இன்னொன்றும் சொன்னார். அதை எழுத இந்த இடத்தில் எனக்குக் கை வரவில்லை.

திரும்பும் வழியில் கட்டுகஸ்தோட்டையில் இறங்கிக்கொண்டேன். கண்டிக்கு மூன்று மைல்தான். பாலத்தில் நின்று பார்த்தால் மகாவலி பழுப்பாக, சாவதானமாக ஓடுகிறது. கீழே யானையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்களுக்கு அது நல்ல காட்சி, ஐந்து நிமிடமாவது நின்று பாருங்கள். என் கண்ணோ நடு ஆற்றிலேயே இருந்தது. அந்தக் காழி உயிரோடிருந்தபோதே அவருடைய புத்தகங்களைக் குர்துபாவில் தீயில் போட்டார்கள். பிறகு பாரிஸில் பிஷப் அவருடைய கருத்துகளுக்குத் தடை போட்டார். சரி, அவர்கள் விரோதிகள். ஆனால் எரித்தவர்களும் தடைபோட்டவர்களும் உள்ளே என்ன இருக்கிறதென்று தெரிந்து பயந்தவர்கள். நாங்கள்? ஒரு வரி படிக்காமல், முத்தமிட்டு, அத்தர் பூசி மூழ்கடித்தோம்.

ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். அந்தோனி வாசலில் நின்றார். என் கையைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“புஸ்தகம் எங்கங்க மாஸ்டர்?”

“இல்லை.”

“சரி, வாங்க. துரை வேற ஒண்ணு கொண்டாந்திருக்காரு, அதப் பாப்போம்.”

மேசையில் தோல் அட்டை போட்ட தடித்த லத்தீன் புத்தகம் ஒன்று இருந்தது. துரையின் வீட்டிலேயே இருந்ததாம். எங்கள் காழியின் உரைதான்! அந்தோனி விரித்தார். பாதிரியார் படிப்பு அப்போது கைகொடுத்தது. “செமினரியில இவரத் திட்டித் திட்டியே பாடம் நடத்துவாங்க மாஸ்டர். திட்டுறதுக்காச்சும் அவரப் படிக்கணும்ல” என்று என் காதில் சொன்னார். மனித அறிவைப் பற்றிக் கிரேக்க ஞானி சொன்னது மேலே நாலு வரி. அதற்குக் கீழே காழியின் விளக்கம் தொடங்கி, பக்கம் பக்கமாகப் போனது. அந்தோனி லத்தீனை வாசித்து அர்த்தம் சொல்லச்சொல்ல, நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இந்த இடத்தில் பழைய உரைகாரர்கள் எல்லோரும் தவறிவிட்டார்கள் என்று சண்டை போடுகிறார் காழி!

“ஐயா, நாலு வரிக் கடிதத்துக்கு ஆறு பக்கம் பதில் எழுதுகிற தபால்காரரை நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?” என்று ஆங்கிலத்தில் கேட்டேன். இந்த முறை மண்டபம் என் பக்கம் சிரித்தது. துரையும் சிரித்தார். சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன் என்றும் மரியாதையாகச் சொன்னார்.

அதோடு விட்டிருந்தால் நான் சந்தோஷமாகத் திரும்பியிருப்பேன். “இந்த உரையின் அரபு மூலம் எனக்குத் தெரிந்து எங்கும் இல்லை. லத்தீனில் நாங்கள் வைத்திருப்பதுதான் மிச்சம்” என்றவர், என்னைப் பார்த்து, “உங்கள் பிரதியையாவது பார்க்க ஆசைப்பட்டேன். அது என்னவாயிற்று?” என்று கேட்டார்.

நூறு கண்கள் என்மேல் இருந்தன. “வெள்ளத்தில் போய்விட்டது” என்றேன். துரை உண்மையாகவே வருத்தப்பட்டார். அவர் ஏளனம் செய்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வெளியே வந்ததும் அந்தோனி கேட்டார். “ஏன் மாஸ்டர் பொய் சொன்னீங்க? வெள்ளம் எங்க வந்துச்சு?”

“எங்கட ஆட்களின் மடத்தனத்தை அந்த ஆளுக்கு முன்னால் எப்படிச் சொல்றது?”

“அவுங்க மரியாதைக்குத்தானங்க செஞ்சாங்க. படிச்சவுங்க யாராச்சும் என்னா ஏதுன்னு சொல்லிக் குடுத்திருந்தா செஞ்சிருப்பாங்களா?”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். நான் கண்டிக் குளக்கரையை ஒரு சுற்றுச் சுற்றிவந்தேன்.

இனி, போகிறவர்களுக்கு. சந்தைக்குப் பின்னால் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைகளில் படுக்க ஐம்பது சதம், இடியப்பமும் குழம்பும் பன்னிரண்டு சதம். கொழும்புக்கு ரயில் காலை ஆறரைக்கு. ஜூலையில் வழியெல்லாம் மங்குஸ்தான் விற்பார்கள், நூறு பழம் ஒரு ரூபாய். அக்குறணையில் எந்த வீட்டிலும் உங்களைச் சாப்பிடாமல் அனுப்பமாட்டார்கள். அவர்கள் அலுமாரியைத் திறந்து காட்டினால் பஸ்ஸை விட்டுவிடுங்கள். அடுத்த பஸ் எப்படியும் வரும்.

காசிம் நானா படியில் வைத்துச் சொன்னது இதுதான்: “கோவிக்காதீங்க மாஸ்டர். அண்டைக்கு இது என்ன கிதாபு எண்டு ஒங்கக்கிட்டத்தானே கேட்டேன். பஸ்காரன் ஹோர்ன் அடிச்சான். ‘பெரிய கிதாபு நானா, கண்ணியமா வைங்க’ எண்டு சொல்லிட்டு ஓடினீங்க. எங்களுக்கு வாசிக்கத் தெரியாது, கொண்டுபோங்க எண்டும் சொன்னேன். பையில இடமில்ல எண்டீங்க.”

சொன்னது உண்மை. அன்று என் பை நிறைய மங்குஸ்தான். கொழும்பு வந்து சேர்வதற்குள் அதில் பாதி அழுகிவிட்டது.