பதுங்குகுழியின் சுவர் சரியவில்லை

எங்களோடு சேர்ந்து முழங்காலில் நின்ற எல்லாருக்கும் இதைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

போன ஆண்டு கோடையில் என் மகன் தானியேலுக்குப் பர்மிய ராணுவத்தின் கட்டாய சேவைக்கான அழைப்பு வந்தது. இருபத்தாறு வயது. எங்கள் லான்மடா பகுதியில் ஒரு சின்னக் கடையில் போன் பழுதுபார்ப்பவன். எங்களுக்கு ஒரே பிள்ளை. அழைப்பைப் பார்த்ததும் என் மனைவி எஸ்தர் அழுதாள். நான் மூக்குக்கண்ணாடியைத் தேடினேன்.

துறைமுக அலுவலகத்தில் ஓய்வு பெறும்வரை காகிதம் நகர்த்துவதே என் தொழில். எந்தக் காகிதம் எந்த மேசையில் தூங்கும், யார் தட்டினால் எழும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதினேன். ஒரே பிள்ளை என்று ஒரு மனு. பெற்றோர் முதியவர்கள் என்று ஒரு மனு. பையனுக்குப் பார்வை மங்கல் என்று இன்னொன்று, கண் மருத்துவரின் சான்றோடு. மூன்றும் நேர்த்தியான மனுக்கள். மூன்றும் நேர்த்தியாகத் திரும்பி வந்தன.

ஜெபமும் செய்தேன், அதுவும் அதே நடையில்தான். பொருள், முந்தைய வேண்டுகோள், தற்போதைய நிலை, கோரிக்கை. எஸ்தர் ஒருநாள் கேட்டுவிட்டாள்.

"என்னங்க, ஆண்டவர் என்ன ஆபீசா வெச்சிருக்காரு? நகல் யாருக்கு அனுப்பப் போறீங்க?"

பயிற்சி முடிந்து தானியேலை வடக்கே ஒரு மலைக்கு அனுப்பினார்கள். மலையின் விளிம்பில் ஓர் ஆள் உயரத்துக்கு நீளமாக வெட்டிய பதுங்குகுழி. எதிரே இன்னொரு மலை. அங்கேயும் அதேபோல ஒரு குழி, அதற்குள்ளும் தாய் பெற்ற பிள்ளைகள். இரண்டுக்கும் ஒரே மழை.

எப்போதாவது முறை மாறி அடிவாரத்துக்கு இறங்கினால் போனில் பேசுவான்.

"அப்பா, நம்ம தெரு மாதிரியேதான் இங்கயும். மழை வந்தா முழங்கால் தண்ணி. ஆனா ஏறிப்போக இங்க சைக்கா ரிக்‌ஷா கிடைக்காது."

"சாப்பாடு?"

"விடியறதுக்கு முன்ன, பனி இருக்கறப்பவே சோறு ஆக்கிடணும். அப்புறம் புகை மேல போனா குண்டு கீழ வரும். பகல் பூரா பழைய சோறும் ங்கப்பியும்தான். அம்மாகிட்ட கறின்னு சொல்லிடுங்க."

ங்கப்பி என்பது நம் வீட்டு மீன் விழுதுதான். அதன் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொள்கிற பிள்ளை அவன்.

போர் என்றால் எந்நேரமும் சுடுவது என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லையாம். நிற்பதுதான் வேலை. தண்ணீரில் நிற்பது, அட்டையைப் பிய்த்து எறிவது, துப்பாக்கிக்கு எண்ணெய் போடுவது, வெந்து வெளுத்த பாதத்தை முறைபோட்டு உலர்த்துவது. சுவரில் குடைந்த பொந்தில் மூங்கில் பரப்பி, எலிகளோடு பங்குபோட்டுத் தூங்குவது.

ஈரம்தான் போன் பழுதுபார்ப்பவனுக்கு ஜென்மப் பகை. உள்ளே ஈரம் போனால் எல்லாம் போச்சு என்பது அவன் வேதவாக்கு. அந்த மலையில் எதிரியைவிட அவன் கண்ணில் அதிகம் பட்டது ஈரம்தான். அவனும் கூட்டாளி கோ மின்னும் தங்கள் பகுதியின் தரையைச் சரிவாக வெட்டினார்கள். மூலையில் ஆழமாக ஒரு குழி தோண்டி, அதில் சேரும் தண்ணீரை எண்ணெய் டின்னால் இறைத்தார்கள். மூங்கிலைப் பிளந்து சுவருக்கு அண்டை கொடுத்தார்கள். காலையில் செய்ததை மழை மாலையில் அழிக்கும். மறுபடி செய்வார்கள்.

பகுதியின் சார்ஜெண்டுக்கு இது பெரிய வேடிக்கை. "என்ன தம்பி, ஓட்டல் கட்டறியா? ரூம் வாடகை என்ன?" என்பாராம். மற்றவர்கள் அவனுக்கு வாளிக்காரன் என்று பெயர் வைத்தார்கள்.

மழைக்காலத்து வாசோ பௌர்ணமி கழிந்தபின் அவன் போன் அழைப்பு நின்றது. ஒரு வாரம். பிறகு இன்னொன்று. லான்மடா டீக்கடையில் யாரோ சொன்னார்கள், அந்த மலைமேல் தொடர்ந்து குண்டு விழுகிறது, குழி மண்ணோடு மண்ணாகிவிட்டது என்று.

ஒவ்வோர் அலுவலகமாக ஏறினேன். எந்த மேசையிலும் மரியாதைக் குறைவு இல்லை. தெரியாது என்பதை எத்தனை பணிவாகச் சொல்லலாம் என்பதை என் சர்வீசில்கூட நான் இவ்வளவு கற்றதில்லை. கடைசி மேசையில் ஒருவர், "இறந்திருந்தால் கடிதம் வந்திருக்கும், ஊலே" என்று ஆறுதல் சொன்னார். மாமா என்று அழைத்து அவர் தந்த ஆறுதல் அது. அந்தக் கடிதம் எத்தனை மாதம் வழியில் தூங்கும் என்று அவரைவிட எனக்கு நன்றாகத் தெரியும்.

வீட்டுக்குப் போக மனம் வரவில்லை. எஸ்தர் வாசலில் நிற்பாள். கால்போன போக்கில் போட்டாதாங் படகுத்துறைக்கு வந்துவிட்டேன். நல்ல மழை. கிடங்கு ஒன்றின் தகரத் தாழ்வாரத்தில் ஒதுங்கினேன். தண்ணீர் கணுக்காலைத் தொட்டது. செருப்புக்குள் ஏறியது. என் பிள்ளை இதில்தான் பகலும் இரவும் நிற்கிறான் என்ற எண்ணம் வந்தது. அங்கேயே, மூட்டை தூக்குகிறவர்கள் பார்க்க, தண்ணீரில் முழங்காலிட்டேன்.

அதுவரை நான் கேட்டதெல்லாம், அவனை அந்தக் குழியிலிருந்து எடுத்துவிடும் என்பதுதான். அன்று அது வாயில் வரவில்லை. "ஆண்டவரே, நீர் உள்ளே இறங்கிப் போய் அவனோடு இரும்." அவ்வளவுதான். தலைப்பில்லை, காரணம் காட்டவில்லை. அழுதேன். ஒரு கூலியாள் என்னை எழுப்பி உட்காரவைத்தார்.

அந்த வார முடிவில் ஒரு புதிய எண்ணிலிருந்து அழைப்பு. கரகரத்த குரல். பர்மிய மொழியில் பேசினார், தமிழில் சொல்கிறேன்.

"ஊலே, வாளிக்காரனோட அப்பாவா? பையன் உயிரோட இருக்கான். பக்கத்துக் கட்டில்ல படுத்திருக்கான். கை ரெண்டும் கட்டு, போன் பிடிக்க முடியாது. அதான் நான் பேசறேன். நான் சார்ஜெண்ட்."

என் கையிலிருந்த போனை எஸ்தர் பிடுங்கிக்கொண்டாள்.

நடந்தது இது. குண்டு விழுந்த காலையில் ஊறிப்போயிருந்த சுவர்கள் இருபுறமும் சரிந்தன. தானியேலும் கோ மின்னும் நின்ற பகுதி மட்டும் நின்றது. பக்கத்தில் மூன்று பேர் மண்ணுக்குள். மண்வெட்டி போட்டால் ஆள்மேல் படும். இருவரும் வெறும் கையால் தோண்டினார்கள். உத்தரக்கட்டை ஒன்று சரிந்து என் மகனின் விரல்களை நசுக்கியது. அதன்பிறகும் தோண்டினான். மூன்று பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

"மூணுல ஒருத்தன் நான்," என்றார் சார்ஜெண்ட். "மண்ணுக்கு மேல தலை வந்ததும் முதல்ல பார்த்தது அவன் மூஞ்சியைத்தான். மரியாதையா 'ஸயா, ரூம் காலியா இருக்கு, வாங்க'ன்னான். சரியான திமிர் பிடிச்ச பையனைப் பெத்திருக்கீங்கம்மா!"

எஸ்தர் சிரித்ததை வெகுநாளுக்குப் பிறகு அன்றுதான் கேட்டேன்.

ராணுவ மருத்துவர்கள் தாங்களாகவே அவனைச் சேவைக்குத் தகுதியற்றவன் என்று எழுதி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் ஒரு வரி எழுதவில்லை. நான் போடாத மனு ஒன்று ஏற்கப்பட்டது என் வாழ்நாளில் இதுவே முதல்முறை.

பெருமை பாவம் என்று போதகர் சொல்வார். அவர் பொறுத்துக்கொள்ளட்டும். என் மகன் எத்தனை பேரைச் சுட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. எத்தனை பேரைத் தோண்டி எடுத்தான் என்று எனக்குத் தெரியும். வலது கையில் இரண்டு விரல் மடங்காது. நுணுக்கமான வேலை இனி முடியாது என்றார்கள். இடது கையால் திருகாணி முடுக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். அந்தக் கையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

அவன் சுவரை அவன்தான் கட்டினான். அது எனக்கும் தெரியும். ஆனால் காலையில் கட்டியதை மாலையில் மழை அழிக்க, மறுநாளும் எழுந்து கட்டும் மனசை அந்தச் சேற்றில் யார் கொடுத்தது? என் பிள்ளை வீட்டில் குடித்த டம்ளரைக் கழுவாதவன். நான் கர்த்தரை உள்ளே அனுப்பும் முன்பே அவர் அங்கே இறங்கி நின்றிருக்கிறார். நான்தான் தாமதம்.

இப்போது சனிக்கிழமைகளில் நானும் எஸ்தரும் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வீடுகளுக்குப் போகிறோம். மனு எழுதத் தெரியுமா என்று கேட்டால் எழுதித் தருகிறேன், நன்றாகவே எழுதுவேன். பிறகு எல்லாரும் முழங்காலிடுகிறோம். சிலர் நம் சபை, சிலர் இல்லை. யாரும் எழுந்து போனதில்லை.

கோ மின் இன்னும் அந்த மலையில்தான் இருக்கிறான். போன வாரம் இங்கே மழை கொட்டியது. வெக்கை தணிந்தது என்று நான் ஜன்னலைத் திறந்தேன். தானியேல் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்து வானத்தைப் பார்த்தான்.

"அப்பா, இது அங்கயும் பெய்யும். கோ மின் தனியா இறைக்கணும்."

ஜன்னலோரமாகவே நின்று ஜெபித்தோம். நம்பி வாருங்கள், நீங்களும் கேளுங்கள். உங்கள் கூரையில் மழை விழும்போது, இரண்டு மலைகளிலும் தண்ணீரில் நிற்கிற பிள்ளைகளோடு இருக்கும்படி அவரிடம் சொல்லுங்கள். கோ மின்னைப் பெயர் சொல்லியே கேளுங்கள்.