தெருவுக்குக் கேட் போட்டவனின் சத்தியமங்கலம் பயணம்

சத்தியமங்கலம் என்றால் அணை, காடு என்றுதான் எல்லோரும் கிளம்புவார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை நான் போனது மன்னிப்புக் கேட்க. எங்களுக்குத் துணி தேய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்த பழனிசாமி இப்போது அங்கேதான் இருக்கிறார். பயண விவரம் தேடி வந்த நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், இந்தத் தடவை புலம்பல்தான் அதிகம்.

மேட்டுப்பாளையம் ரோட்டில் நெரிசல் என்றால் போதும், குறுக்கு வழி என்று கார்கள் எல்லாம் எங்கள் தெருவுக்குள் புகுந்துவிடும். குழந்தைகள் சைக்கிளை வெளியே எடுக்க முடியாது. தெருச் சங்கத்துக்குச் செயலாளர் நான்தான். எங்கள் தெருவிலும் பின்பக்கத்துச் சந்திலும் வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி, மனு கொடுத்து, தெருவின் இரண்டு முனையிலும் இரும்புக் கேட் போட வைத்தேன். அதற்கு எனக்குச் சால்வை வேறு போட்டார்கள்.

கார்கள் என்ன, ஆவியாகவா போகும்? சந்துக்குள் போயின. பன்னிரண்டு அடி அகலம். பழனிசாமியின் வீடும் தேய்ப்பு வண்டியும் அங்கேதான். ஒரு கார் வண்டியை இடித்ததில் இஸ்திரிப் பெட்டி கவிழ்ந்து, அவர் மனைவி சரோஜாவின் பாதத்தில் நெருப்பு கொட்டிவிட்டது. இருவரும் சத்தியமங்கலத்தில் சரோஜாவின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள். எனக்கு இது தெரிந்ததே மூன்று வாரம் கழித்து, தேய்த்த சட்டை வரவில்லையே என்று விசாரித்தபோதுதான். வெட்கக்கேடு.

காந்திபுரத்தில் காலை 6.40க்குப் பஸ். டிக்கெட் 55 ரூபாய், சுமார் எழுபது கிலோமீட்டர், இரண்டேகால் மணி நேரம். வெயில் படாமல் இருக்க இடதுபக்கம் உட்காருங்கள். புளியம்பட்டியில் ஏதோ ரோடு வேலை, பஸ்ஸை ஒரு வீட்டுத் தெரு வழியாகத் திருப்பிவிட்டார்கள். வாசலில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண் குண்டானை இழுத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றார். "சீக்கிரம் எடுங்கப்பா!" என்று டிரைவரைப் பார்த்துக் கத்தினேன். கத்தி முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோ 60 ரூபாய். வாசலில் என்னைப் பார்த்ததும் பழனிசாமி எழுந்துவிட்டார். "ஏனுங்க சார், இத்தனை தூரம் எதுக்குங்க? ஒரு போன் பண்ணீருக்கலாமுங்களே!" சரோஜா நொண்டிக்கொண்டே மோர் கொண்டுவந்து வைத்தார். காலில் கட்டு இன்னும் இருந்தது.

மன்னிப்புக் கேட்டேன். கேட்டுக்கு உள்ளேயே வண்டி போட இடம் பேசிவிட்டேன், அங்கே கார் தொந்தரவு இருக்காது, திரும்பி வாருங்கள் என்றேன்.

"எங்க வண்டிக்கு எடம் ஆச்சுங்க சார்," என்றார் சரோஜா. "சந்துல குடியிருக்கிற மத்தவங்க எங்கீங்க போவாங்க?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "சந்துக்காரங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டீங்களே! நீங்களும் போட்டீங்களே பழனிசாமி?"

"போட்டனுங்க. கார் சந்துக்குத்தான் திரும்பும்னு அப்பவே தெரியுமுங்க. ஊடு தேடி வந்து கேட்டுப்போட்டீங்க. மூஞ்சிக்கு நேரா முடியாதுன்னு எப்படீங்க சொல்றது?"

நானும் இந்தப் பக்கத்துக்காரன்தான். இந்த மரியாதை எனக்குத் தெரியாததா? தெரியும். சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வசதியாக இருந்தது, எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது சரோஜா சொன்னார்: "நாங்க வரலீங்க சார். கோவிச்சுக்காதீங்க."

திரும்பிவர பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. உங்கள் தெருவுக்கும் கேட் போடும் யோசனை இருந்தால், முதலில் ஒரு நாள் சாயங்காலம் பக்கத்துச் சந்தில் அரை மணி நேரம் நின்று பாருங்கள். அங்கே கையெழுத்து வாங்க எதிரிலேயே நிற்காதீர்கள், தாளைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். நம் தெரு அமைதி வேண்டும் என்பதில் தப்பில்லை. அந்த இரைச்சலை யார் தலையில் இறக்கி வைக்கிறோம் என்று நான் பார்க்கவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கேட்டை எடுத்துவிடலாம், கார்களை எல்லாத் தெருவும் கொஞ்சம் கொஞ்சம் தாங்கட்டும் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்கினேன். எல்லா வீட்டிலும் காபி கொடுத்தார்கள். மூஞ்சிக்கு நேராக முடியாது என்று சொல்ல ஒருவருக்கும் தயக்கமில்லை.