போர் முடிந்ததென்று சொல்லச் சொன்னார்கள்

இங்கே கடையில் சவர்க்காரம் கேட்டால் யாருக்கும் விளங்காது, சோப்பு என்று கேட்க வேண்டும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. கடைக்காரர் இரண்டு முறை திருப்பிக் கேட்டுவிட்டுச் சிரிப்பார், நானும் சிரிப்பேன். தொண்ணூற்றொன்று மே மாதத்தோடு அந்தச் சிரிப்பு நின்றுபோயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்த இடத்துக்கும், ஒரகடம் போகும் சாலையில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டுக்கும் சைக்கிளில் போகிற தூரம்தான். மறுநாளிலிருந்து கடையில் நான் வாய் திறப்பதில்லை. வேண்டியதை விரலால் காட்டினேன். என்னை ஊமை என்று நினைத்த ஒரு பெண் இரக்கப்பட்டுத் தனக்கு முன்னால் வழிவிட்டாள். தமிழ் பேசும் நாட்டில், தமிழ் பேசப் பயந்து ஊமையாக நின்றேன். என்னைப்போல் அகதியாக வந்த உங்களில் பலரும் அந்த மாதங்களில் எங்கெங்கோ இப்படித்தான் நின்றிருப்பீர்கள்.

என் கணவர் மறைமலை நகரில் இரும்பு வார்க்கும் ஆலை ஒன்றில் வேலை செய்தார். ஷிப்டுக்குக் கிளம்பும்போதெல்லாம், "நீர் ஒருத்தரோடயும் கதையாதையும்" என்று சொல்லிவிட்டுத்தான் போவார். எங்களைப்போல் அகதி முகாமுக்கு வெளியே இருப்பவர்களைப் போலீஸார் வீடு வீடாகத் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம். தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் நின்றாலே கதவைத் தாழிட்டுவிடுவேன்.

பக்கத்து வீட்டு எஸ்தர் டீச்சர் ஒருவருக்குத்தான் நாங்கள் யாரென்று தெரியும். கிராமத்துத் தேவாலயப் பள்ளிக்கு அவர்தான் தலைமை ஆசிரியை. நான் யாழ்ப்பாணத்தில் ஆசிரியையாக இருந்ததை ஒருமுறை அவரிடம் சொல்லியிருந்தேன். பள்ளி திறந்ததும் வந்து கேட்டார்: ஐந்தாம் வகுப்பு டீச்சர் பிரசவ விடுப்பில் போய்விட்டார், கூடமாட உதவ முடியுமா என்று. மே மாதத்திலிருந்து பிள்ளைகள் குண்டு விளையாட்டு விளையாடுகிறார்களாம். ஒருவன் 'டமார்' என்பான், மற்றவர்கள் செத்து விழுவார்கள். "சண்ட போடத்தான் தெரியுது இதுங்களுக்கு. அது முடியறதுன்னு ஒண்ணு கீதுன்னு தெரியட்டும்மா" என்றார். இரண்டாம் உலகப் போர் முடிந்த நாளை ஆகஸ்டில் பள்ளியில் நினைவுகூர வேண்டும், பிள்ளைகளை நான் தயார் செய்ய வேண்டும். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்களை யாரென்று தெரிந்தும் காட்டிக்கொடுக்காதவர் அவர்.

இதே வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன் என்பதை அவரிடம் சொல்லவில்லை. எண்பத்தேழில் ஒப்பந்தம் கையெழுத்தாகி இந்தியப் படை யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, 'யுத்தம் முடிந்தது' என்று கரும்பலகையில் எழுதிப் பிள்ளைகளைக் கைதட்ட வைத்தேன். கொடியும் பூவும் கொடுத்து வீதியோரம் வரிசையாக நிறுத்தினேன். கேட்டவர்கள் எல்லோரும் நம்பினோம். ஐப்பசி பிறந்தபோது மறுபடி ஷெல் விழுந்துகொண்டிருந்தது. அன்று கைதட்டிய சுகந்தி என்ற பிள்ளையைக் குடும்பத்தோடு அவர்கள் வீட்டுக் காணியிலேயே புதைத்தார்கள்.

வகுப்பில் நான் எஸ்தர் டீச்சரைப்போல் பேசிப் பழகினேன். ஆனால் அவசரத்தில் நாக்கு சொந்த ஊருக்கு ஓடிவிடும். ஒருநாள் "கெதியா எழுதுங்கோ" என்றுவிட்டேன். முன் பெஞ்சிலிருந்த செல்வி, "கெதியான்னா இன்னா டீச்சர்?" என்று கேட்டாள். சீக்கிரம் எழுதச் சொன்னதை அழகாக எழுதச் சொன்னதாக நினைத்து, பாதி வகுப்பு எழுத்துக்குப் பூப்போட்டுக்கொண்டிருந்தது. சிரித்துச் சமாளித்தேன். அன்று மாலை எஸ்தர் டீச்சர் தற்செயலாகச் சொன்னார், செல்வியின் அப்பா போலீஸ்காரர் என்று.

அதை வீட்டில் சொன்னேன். வேலையை விட்டுவிடச் சொன்னார் கணவர். திடீரென்று நின்றால் சந்தேகம் வரும் என்று நான் பயந்தேன். போனாலும் பயம், நின்றாலும் பயம். இதற்கிடையே, உங்கள் ஊரிலிருந்து போருக்குப் போனவர்கள் யார் என்று வீட்டில் கேட்டுவரப் பிள்ளைகளை அனுப்பினேன். செல்விதான் ஒரு பெயரோடு வந்தாள். அவள் தாத்தாவின் அண்ணன் மாசிலாமணி பர்மாவுக்குப் போனவர், திரும்பவில்லை. போர் முடிந்து பல வருடம் ஆகியும் அவர் அம்மா ஒரு தட்டில் சோறு எடுத்து வைத்தாராம்.

நினைவு நாளன்று பெற்றோர்கள் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். செல்வி மாசிலாமணியின் கதையைச் சொன்னாள். எல்லோரும் எழுந்து மௌனமாக நின்றோம். போர் முடிந்ததற்கு அடையாளமாகக் தேவாலய மணியை அடித்தார்கள். நல்லபடியாக முடிந்தது என்று மூச்சு விட்டபோதுதான் செல்வி கையைத் தூக்கினாள்.

"டீச்சர், சண்ட முடிஞ்சிடுச்சின்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? மணி அடிச்சா போதுமா?"

எஸ்தர் டீச்சர் என்னைப் பார்த்தார். பழகிய பேச்செல்லாம் மறந்துபோயிற்று. சுகந்தி அந்த வரிசையில் நிற்பதுபோல் இருந்தது.

"போதாது பிள்ளை. நாங்களும் ஒருக்கா முடிஞ்சுதெண்டு நம்பினனாங்கள். முடியேல்லை. பிள்ளையள் பயப்பிடாமல் நித்திரை கொள்ளுற நாள்தான் முடிஞ்ச நாள்."

பின்வரிசையில் சாதாரண வேட்டி சட்டையில் இருந்த ஒருவர் எழுந்தார். செல்வியின் அதே முகம். கூட்டம் கலையும்வரை சுவரோரம் நின்று, பிறகு என்னிடம் வந்தார்.

"நீங்க சிலோனா?"

"ஓம்" என்றேன். பொய் சொல்லத் தெம்பில்லை.

அவர் சுற்றிலும் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அன்னிக்கி குண்டு வெடிச்சப்போ நான் அங்க பந்தோபஸ்துல இருந்தேன். என் பக்கத்துல நின்னவன் வூட்டுக்குப் போவல. இன்னிக்கும் எனக்குத் தூக்கம் கெடையாது" என்றார். நான் சொன்னது அவரை எங்கே தொட்டது என்று அப்போது புரிந்தது. திங்கட்கிழமை கணவரோடு ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார். "நீங்களா வந்தா நல்லது. நாங்களா வந்தா வேற மாதிரி ஆயிடும்."

ஓடிவிடலாமா என்று இருவரும் பேசினோம். ஓட இடமில்லை. திங்கட்கிழமை போனோம். காலையிலிருந்து மாலைவரை தனித்தனியாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டார்கள். படகு எங்கே ஏறினோம், யாரைத் தெரியும், ஏன் முகாமில் இல்லை. இடையில் செல்வியின் அப்பா வந்து, மேசைக்குப் பின்னாலிருந்த அதிகாரியிடம் ஏதோ சொன்னார். என் பக்கம் திரும்பவே இல்லை. கடைசியில் வாரம்தோறும் வந்து கையெழுத்துப் போட வேண்டும், சொல்லாமல் ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று விட்டார்கள். நன்றி சொல்லத் தேடினேன். அவர் டியூட்டிக்குப் போய்விட்டார்.

அந்த வாரமே கடைக்காரர் முதல் தேவாலயத்துக்கு வருபவர்கள்வரை என்னைச் 'சிலோன் டீச்சர்' என்று கூப்பிடத் தொடங்கினார்கள். அது அன்பா, எச்சரிக்கையா என்று ஒவ்வொருவர் கண்ணையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. கொஞ்ச நாள் கழித்து, பள்ளி விட்டுத் திரும்பும் வழியில் செல்வி என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவள் கேட்டாள்:

"உங்க ஊர்ல சண்ட முடிஞ்சா நீங்க போயிடுவீங்களா டீச்சர்?"

அவள் புத்தகப் பையை வாங்கி என் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"சண்ட முடியணும்னு ஏசப்பாகிட்ட வேண்டிக்கினேன். நீங்க போவக் கூடாதுன்னும் வேண்டிக்கினேன். ரெண்டையும் ஒண்ணாவே வேண்டிக்கினேன்" என்றாள்.

லாரி ஒன்று புழுதி கிளப்பிப் போயிற்று. தலைப்பால் அவள் முகத்தை மூடிப் பிடித்தபடி சாலையோரம் நின்றேன். அந்த இரண்டில் எது பலிக்க வேண்டும் என்று, அன்றைக்கு என்னைக் கேட்டிருந்தால், எனக்குச் சொல்லத் தெரிந்திராது.