கண்ணுக்கு வேண்டாம், கைக்குச் செய்யுங்க!

"எனக்கு எப்ப பசிக்கணும்னு உங்க பஸ் டிரைவர் முடிவு பண்றாரு. இது என்ன வாழ்க்கைங்க?"

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் பக்கத்து வீட்டுப் புவனேஸ்வரி, கணவர் சிவலோகநாதனைப் பார்த்து இப்படி வெடித்தபோது நானும் அங்கேதான் இருந்தேன். எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை...

புவனேஸ்வரிக்குச் சர்க்கரை நோய். காலையும் மாலையும் சாப்பாட்டுக்கு முன் இன்சுலின் போட வேண்டும். அந்தச் சர்க்கரையே கண்ணையும் பதம் பார்த்துவிட்டது. ஆள் தெரியும், கதவு தெரியும் – சிரிஞ்சின் மெல்லிய கோடுகள் தெரியாது. மருந்து கூடிப்போனால் உயிருக்கே ஆபத்து. ஆகவே, அளந்து போடுவது கணவர் வேலை.

அவரோ பெட்டாலிங் ஜெயாவில், பிளாஸ்டிக் சாமான்களுக்கு அச்சு வடிவமைப்பவர். நெரிசலில் பஸ் சிக்கினால், இங்கே மனைவி பசியோடு காத்திருப்பார்.

அன்றே சிவலோகநாதன் வரைய உட்கார்ந்துவிட்டார். சில வாரங்களில் ஒரு கருவி தயார். சிரிஞ்சுக்கு ஒரு தாங்கி, அதன்மேல் பூதக்கண்ணாடி, குட்டி விளக்கு வேறு. அழகோ அழகு!

புவனேஸ்வரி அதைக் கிட்டே வைத்துப் பார்த்தார். தள்ளி வைத்துப் பார்த்தார்.

"கோடு பெருசாத்தான் தெரியுது. ஆனா ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிது. ஏங்க, கெட்டுப்போன கண்ணுக்குப் போய்ச் செஞ்சிருக்கீங்களே! கை நல்லாத்தானே இருக்கு? கைக்குச் செய்யுங்க."

மனிதரின் முகம் வாடிவிட்டது. ஆனால் மறுநாள் தன் கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, சிரிஞ்சில் தண்ணீர் எடுத்துப் பார்த்தார். ஊசி புட்டியின் ரப்பர் மூடியைத் தவறவிட்டு விரலில் குத்தியது. "ஓ..." என்றார். அவ்வளவுதான். மறுபடி வரையப் போய்விட்டார்.

இரண்டாவது கருவியில் கண்ணாடியும் இல்லை, விளக்கும் இல்லை. மேலே புட்டி தலைகீழாக நிற்கும். கீழே ஒரு பள்ளத்தில் சிரிஞ்ச். மேலே தள்ளினால் ஊசி நேராக மூடிக்குள் போகும். பிஸ்டனை இழுத்தால் சரியான அளவில் ஒரு தடுப்பு நிறுத்திவிடும். காலை அளவுக்கு வழவழப்பான தடுப்பு, மாலை அளவுக்குச் சொரசொரப்பானது – இது புவனேஸ்வரியின் யோசனை.

மருந்தோடு விளையாட முடியுமா? கிளினிக்குக்குப் போனோம். நர்ஸ் தண்ணீரை வைத்துச் சோதித்தார். "இன்னொரு தடவை, ஆன்டி... இன்னொரு தடவை..." சிவலோகநாதன் ஒவ்வொரு தடவையும் எட்டி எட்டிப் பார்த்தார். மனைவி நிதானமாக எடுத்துக் காட்டினார்.

"எல்லாமே கரெக்ட்லா, ஆன்டி! காத்துக் குமிழிகூட இல்ல!"

டாக்டரும் தலையசைத்தார் – அளவு மாறினால் தடுப்பையும் மாற்றி, தன்னிடம் காட்ட வேண்டும் என்ற கண்டிப்போடு.

அன்று மாலை புவனேஸ்வரி தானே போட்டுக்கொண்டு, தானே பரிமாறிச் சாப்பிட்டார். கண் கலங்கியது கணவருக்கு.

போன சனிக்கிழமை புவனேஸ்வரி தங்கையோடு கிள்ளானுக்குப் போனார். இரண்டு நாள் தங்கல், கணவர் இல்லாமல்! இங்கே இவர் என் வீட்டு ஹாலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தார். போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"ஊசி போட்டாச்சு, சாப்பிட்டாச்சு. நீங்க சாப்பிட்டீங்களா?"

அப்போதுதான், தான் இன்னும் சாப்பிடவில்லை என்பதே அவருக்கு நினைவு வந்தது.

கணவர்களை நேரத்துக்குச் சாப்பிட வைக்கும் கருவியை மட்டும் யாராவது ஒரு பெண்தான் வடிவமைக்க வேண்டும்!