ஊமைப்படத்துக்கு நான் சொன்ன அர்த்தம்

எங்கள் வீட்டில் ஊமைப்படம் ஓட ஆரம்பித்ததற்கு என் கணவரின் காதும் கட்டைவிரலும்தான் காரணம். காது மந்தமாகிக் கொஞ்ச காலம் ஆகிறது. மெஷின் வைத்துக்கொள்ளுங்கள் என்றால், "நான் என்ன கிழவனா?" என்று பேரன் பேத்தி எடுக்கிற வயதில் சண்டைக்கு வருவார். அவருக்காக டிவியை அலறவிட்டதில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எங்கள் தயவில் சீரியல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் ரிமோட்டில் அவர் எதையோ அமுக்கப்போக, கறுப்பு வெள்ளையில் ஒரு ஆள் ஓடினான், விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. "ஏட்டி, இதுதான் சரி. இது ஒனக்கும் கேக்காது, எனக்கும் கேக்காது" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அதிலிருந்து தினமும் மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல் எங்கள் வீட்டில் ஊமைப்படம்தான். நடுநடுவே வரும் எழுத்து அட்டைகள் இங்கிலீஷில் இருக்கும். அவர் காட்டில் பருத்தியும் உளுந்தும் படித்தவர். நான் எட்டயபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்தி ஓய்வு பெற்றவள். அட்டை வந்ததும் அவர் காதருகே போய்த் தமிழில் உரக்கச் சொல்வது என் பொறுப்பு.

எனக்கு அது கைவந்த வேலை. எங்கள் வீடே அப்போது ஊமைப்படமாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கும் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றாள். பையன் வேறு சாதி. அன்றோடு அவர் அவளிடம் பேச்சை நிறுத்தினார். அவர் நிறுத்தியதால் அவளும் நிறுத்தினாள். எங்கள் பக்கத்தில் இப்படிப் பேச்சு நின்றுபோன வீட்டில் நடுவே ஒரு ஆள் இருந்தாக வேண்டும். மகள் லீவுக்கு வந்தால் இரண்டு பேரும் ஒரே ஹாலில் இருந்துகொண்டு, "அவகிட்டக் கேளு", "அப்பாகிட்டச் சொல்லு" என்று என் முகத்தைப் பார்த்துப் பேசுவார்கள். என் கல்யாணப் பேச்சின்போது என் அப்பாவும் நானும் அம்மா வழியாகத்தான் பேசிக்கொண்டோம். அவள் எதைச் சொன்னாள், எதை விழுங்கினாள் என்பது கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நானும் விழுங்கினேன். "இந்த வீட்டுப் படி ஏறக்கூடாதுன்னு சொல்லிரு" என்பார் இவர். நான் போனில், "அப்பா யோசிக்கணும்னு சொல்லுதாவ" என்பேன். "அப்பா சம்மதிக்காட்டாலும் கல்யாணம் நடக்கும்" என்பாள் அவள். நான் இவரிடம் வந்து, "நீங்க சம்மதிக்காம ஒண்ணும் செய்யமாட்டாளாம்" என்பேன். அதில் எனக்குப் பெருமை வேறு. என்னை மட்டும் எல்லைக்கு அனுப்பினால் ராணுவமே தேவைப்படாது என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாதம் மகள் வந்தாள். அதற்கடுத்த வெள்ளிக்கிழமை அவளுக்குப் பதிவுத் திருமணம். போனிலேயே என்னிடம் சொல்லி, அப்பாவிடம் சொல்லச் சொல்லியிருந்தாள். "சொல்லிட்டியாம்மா?" என்று வந்ததும் கேட்டாள். "சொல்லிட்டேன், சொல்லிட்டேன்" என்றேன். சொல்லவில்லை. வரும் வழியில் அவளைக் கடம்பூர் போளி வாங்கி வரச் சொல்லியிருந்தேன். இனிப்பு வாயில் இருக்கும்போது சொன்னால் கத்த மாட்டார் என்பது என் கணக்கு.

அன்று மத்தியானப் படத்திலும் ஒரு அப்பா. வெளியே மழை கொட்டுகிறது, மகள் மூட்டையோடு நிற்கிறாள், அவர் வாசலைப் பார்த்து விரலை நீட்டுகிறார். நூறு வருஷத்துக்கு முந்தைய வெள்ளைக்காரன். விரல் என்னவோ என் வீட்டுக்காரர் விரல்தான். அட்டை வந்தது: நீ என் மகளே இல்லை, வெளியே போ.

"என்னத்தச் சொல்லுதான்?" என்றார் இவர்.

நான் கொஞ்சமும் யோசிக்காமல், "மழையா இருக்கு, பாத்துப் போம்மாங்கான்" என்றேன்.

அவர் திரையை உற்றுப் பார்த்தார். "பாத்துப் போன்னு சொன்னதுக்கா அந்தப் பிள்ள இந்த அழுகை அழுவுது?"

சுவரோரம் போனை நோண்டிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். ரிமோட்டை எடுத்துப் படத்தைப் பின்னுக்கு ஓட்டி நிறுத்தினாள். அட்டையைப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அங்க அப்படியாம்மா போட்டிருக்கு?"

"கொஞ்சம் பதமாச் சொன்னேன்."

"அப்பா யோசிக்காவன்னு சொன்னியே, அதுவும் பதமாச் சொன்னதுதானா?"

அவள் எழுந்து அவர் எதிரே போய் நின்றாள். "அப்பா! அம்மாகிட்ட நீங்க என்னத்தச் சொன்னீங்க?" என்று கத்தினாள். கத்தினால்தான் அவருக்குக் கேட்கும்.

அவர் வழக்கம்போல என்னைப் பார்த்தார்.

"அம்மா சொல்ல வேண்டாம். நீங்க சொல்லுங்க."

"படி ஏறக்கூடாதுன்னு சொன்னேன்" என்றார். படியேறி வந்து, காலையில் அவரோடு ஒரே பானைச் சோறு தின்ற பிள்ளையிடம் சொல்கிறோமே என்று அவருக்கே குரல் இறங்கிவிட்டது. உடனே சுதாரித்துக்கொண்டு, "நீ மட்டும் என்ன? எஞ்சம்மதம் இல்லாம ஒண்ணும் செய்யமாட்டேன்னு சொன்னவதான?" என்றார்.

"நான் எப்பச் சொன்னேன்? வெள்ளிக்கிழமை எனக்குக் கல்யாணம்ப்பா!"

தெருவுக்குத் தெரியக்கூடாது என்று மாதக்கணக்கில் நான் கட்டிக்காத்தது தெருமுனைவரைக்கும் போயிருக்கும். நான் உள்ளே புகுந்தேன். "இங்க பாருங்க, அவ என்ன சொல்ல வாரான்னா..."

"நீ சும்மா இரு" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில். அத்தனை மாதத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அது.

அடுக்களைக்குப் போய்க் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். "நாளைக்கு எவன் மூஞ்சியில முழிப்பேன்?" என்று அவர் கத்தினார். "ஒரு வார்த்த பேசலையே, நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று அவள் கத்தினாள். நான் விழுங்கியதையெல்லாம்விட மோசமாகப் பேசிக்கொண்டார்கள். நேருக்கு நேர் பேசினால் வீடு இரண்டாகிவிடும் என்று பயந்தவள் நான். வீடு அப்படியேதான் நின்றது. எனக்கு அழுகை வந்தது. பாதி அவர்களுக்காக, பாதி என் உத்தியோகம் போனதற்காக.

சத்தம் அடங்கியது. "ஏட்டி" என்று கூப்பிட்டார். போனேன். மகள் தரையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் கண் சிவந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை எத்தன மணிக்குன்னு அவகிட்டக் கேளு" என்றார்.

பழக்கதோஷம், வாயைத் திறந்துவிட்டேன். மகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

"நீங்களே கேளுங்க" என்றேன்.

காது கேட்காத மாதிரி இருந்தார். நான் இரண்டாம் முறை சொல்லவில்லை. அந்தக் கொஞ்ச நேரம் சும்மா நிற்பதற்கு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவர் தலை மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"எத்தன மணிக்கும்மா?"