பூஜ்யம் வந்தால் பாஸ்

பட்டனை அழுத்தியதும் அக்கா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கணினித் திரையில் சாம்பல் நிறமாகிப் போன பட்டன் மறுபடி நீலமாகும்வரை கைகள் வெளியே வராது. மூக்கு அரித்தால் தோளில் தேய்த்துக்கொள்வார்.

பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடப்புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் அலுவலகம் எங்களுடையது. பதிவில் இரைச்சலை நீக்க, மெல்லிய குரலை உயர்த்த, கோப்பை அனுப்பிவைக்க, எல்லாவற்றுக்கும் கறுப்புத் திரையில் தட்டும் கட்டளைகள் உண்டு. அவற்றை அக்கா வரிசையாக ஒரு ஸ்கிரிப்டில் எழுதி, நாங்கள் தினமும் திறக்கிற பதிவுப் பட்டியல் செயலிக்குள் ஒரு பட்டனுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருக்கிறார். அழுத்தினால் ஸ்கிரிப்ட் ஓடும். அதனால் அவர் பட்டன் அக்கா. பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு டைப் அடிக்க வந்தவர்.

நான் கணினித் துறையில் பட்டம் வாங்கியவள். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. ஆனால் இப்படி ஒரு பட்டன் செய்ய எனக்குத் தோன்றியிருக்குமா என்று அடிக்கடி யோசிக்கிறேன்.

அக்காவுக்குத் தோன்றியதற்குக் காரணம் இருக்கிறது. போன வருடம் அவருடைய அப்பாவுக்கு அறுவை சிகிச்சை. ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடி, எங்கள் ஒலிப்பதிவாளரான மைக் மாமாவுக்குப் போனில் கட்டளை சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"மாமா, அடுத்து ஒரு கோடு போடுங்க."

"எந்தக் கோடும்மா? படுத்துக்கிட்டிருக்கறதா, நின்னுக்கிட்டிருக்கறதா?"

கோடு படுப்பதற்குள் அப்பாவை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். அப்பா தேறி வந்துவிட்டார். ஆனால், "உள்ள போறப்ப திரும்பிப் பார்த்தேன், நீ போன்ல இருந்தே" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது அக்காவுக்குள் தங்கிவிட்டது. அடுத்த மாதமே முதல் பட்டன் வந்தது.

முதல் பட்டன் மானத்தை வாங்கியது. அழுத்தியதும் செயலி அப்படியே உறைந்து நின்றது. உள்ளே ஸ்கிரிப்ட் ஓடுவது வெளியே தெரியவில்லை. மைக் மாமா பொறுமையிழந்து ஏழு தடவை அழுத்தினார். ஸ்கிரிப்டும் ஏழு தடவை ஓடி, ஏழு தடவை சத்தத்தை உயர்த்தியது. தாவரவியல் பாடத்தைக் கொஞ்சும் குரலில் வாசித்திருந்த டீச்சர், மகரந்தச் சேர்க்கை பற்றி இடி இடித்தார்.

"லிஃப்ட் பட்டனா மாமா இது?" என்று அக்கா கேட்டார். பிறகு ஸ்கிரிப்ட் பின்னணியில் ஓடும்படி மாற்றினார். ஓடும்போது பட்டன் செத்துக் கிடக்கும். மேலே ஒரு வரி தெரியும்: 'வேலை நடக்குது. கையை எடுங்க.'

எந்தக் கட்டளையையும் நாமே தட்டிக்கொள்ள செயலியில் ஒரு பெட்டி வேண்டும் என்று மேலாளர் கேட்டபோது மட்டும் அக்கா மசியவில்லை. "ஒரே வரியில மொத்தப் பதிவும் அழிஞ்சிடும் சார். மாமா கை சும்மா இருக்குமா?"

ஓடி முடிந்த ஸ்கிரிப்ட் ஒரு எண்ணைத் திருப்பித் தரும். பூஜ்யம் என்றால் எல்லாம் சரி. வேறு எந்த எண் வந்தாலும் கோளாறு. அதையும் திரையில் பெரிதாகக் காட்டவைத்தார். "பூஜ்யம் வாங்கினா பாஸ் ஆகற ஒரே இடம் இதுதான்டி. நீ படிச்சவ, உனக்குப் பிடிக்காது" என்று என்னைச் சீண்டுவார். உண்மைதான். மதிப்பெண்ணுக்காக உயிரை விட்டவள் நான்.

போன வியாழக்கிழமை ஒத்திகை. மறுநாளிலிருந்து அக்காவுக்குப் பத்து நாள் விடுப்பு, தங்கைக்குப் பிரசவம். "இந்தத் தடவை போன் கையில இருக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டு, மைக் மாமாவை நாற்காலியில் உட்காரவைத்துத் தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார்.

மாமா ஒரு தடவை அழுத்தினார். ஒரு நிமிடம் போயிற்று.

"ஒண்ணும் நடக்கலையேம்மா."

அக்கா திரும்பவில்லை. மாமாவின் விரல் மவுஸின் மேல் துடித்தது. என்னைப் பார்த்தார். நான் மேற்கூரையைப் பார்த்தேன். மாமா பெருமூச்சு விட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டார்.

நான்கு நிமிடம் கழித்து, "பூஜ்யம்மா! பூஜ்யம் வாங்கிட்டேன்!" என்று கத்தினார்.

அக்கா வந்து திரையை ஒரு தடவை பார்த்தார். அதன் ஓரத்தில் ஒரு வருடமாக ஒட்டியிருந்த, தன் போன் நம்பர் எழுதிய சீட்டை நகத்தால் நெம்பி, கிழியாமல் உரித்து, நாலாக மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டார்.