வரைபடத்தில் காய்ந்த கண்மாய்

பந்தல்குடி பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து தினமும் அருப்புக்கோட்டைக்கு வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். ஊருக்குப் பஸ் கேட்க நானே ஸ்லைடு தயாரித்து, இணையத்தில் இறக்கிய வரைபடத்தை அதில் சேர்த்தேன்.

பஸ் டிப்போ அலுவலகத்தில் திரையைப் பார்த்த அதிகாரி, “மெயின் ரோட்டுக்குக் குறுக்குப் பாதை இருக்கேம்மா, நடந்தே வந்துரலாமே?” என்றார்.

அது கோடையில் காய்ந்த கண்மாய்க்குள் நாங்கள் நடக்கும் தடம். வரைபடம் அதைப் பாதையாகக் காட்டியதை நான் கவனிக்கவில்லை.

“சார், மழை பேஞ்சா அது முங்கிப்போகும்.”

“நீங்க கொண்டாந்த படம்தானம்மா?”

எனக்காகப் பேச அங்கே யாருமில்லை.

இப்போதெல்லாம் வரைபடத்தில் கண்மாய்க்கு நானே நீலம் தீட்டி, தண்ணீர் நிறைந்த போட்டோவையும் சேர்த்த பிறகுதான் மனுவை அனுப்புகிறேன். பஸ் வரவில்லை. கண்மாய் பெருகிவிட்டது. கரையைச் சுற்றி நான் மட்டும் நடக்கிறேன்.